சிக்கனக் கணிப்பொறி: புனே காட்டும் வழி

கணிப்பொறி வாங்கும்போது விலைப்புள்ளியின் கடைசி வரியை மட்டும் நோக்கி முடிவு செய்வது பல பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வழக்கமாகிவிட்டது. வாங்கும் நாளில் விலை குறைவாயிருப்பது சிக்கனத்தின் ஒரு பகுதியே ஆகும். பழுதுற்ற நாளில் எளிதில் திறந்து, குறையுள்ள உறுப்பை மட்டும் மாற்றி, மறுபடி வேலைக்கு விடக்கூடிய பொறியே முழுமையான சிக்கனத்தைத் தரும். இதற்குப் புனே நகரின் அனுபவம் தக்க சான்றாகும்.

1980-களின் பிற்பகுதியில், வேகமிக்க கிரே கணிப்பொறிகளை இந்திய ஆராய்ச்சி நிலையங்கள் நாடியபோது, அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் குறுக்கே நின்றன. இந்நிலையில் 1988-ஆம் ஆண்டில் சீ-டாக் என்னும் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையம் புனேயில் நிறுவப்பெற்றது. டாக்டர் விஜய் பட்கரின் தலைமையில் அங்குப் பணியாற்றிய விஞ்ஞானிகள், விலை உயர்ந்த தனிப்பெரும் பொறி ஒன்றைப் படைக்க முற்படவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த இன்மாஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்ப்யூட்டர் என்னும் சிறு சில்லுகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். அண்டைச் சில்லுகளுடன் செய்தி பரிமாற நான்கு இணைப்பு வழிகள் ஒவ்வொரு சில்லிலும் இருந்தன. ஒரே வகையான அச்சில்லுகள் பலவற்றைப் பிணைத்து, பெரிய கணக்கைப் பகுதி பகுதியாய்ப் பங்கிட்டுக் கொடுத்தனர். 1991-ஆம் ஆண்டில் பரம் 8000 இவ்வாறே உருவாயிற்று.

புனேக்கு வடக்கே கோடத் கிராமத்தருகே அமைந்துள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியிலும் இவ்வழியைக் காணலாம். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் அங்கு உள்ளன. அவை பெறும் சைகைகளை இணைத்துக் கணிக்கும் வேலையை, முன்னர் அதற்கெனவே அமைத்த தனிக் கருவிகள் செய்தன. பின்னர், கடையில் கிடைக்கும் பொதுவகைக் கணிப்பொறிகளை இணைத்து அவ்வேலை செய்யப்பட்டது.

இவ்விரு முயற்சிகளிலிருந்தும் ஆசிரியரும் களப்பணியாளரும் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. முதலாவது, வேலையை நன்கு ஆராய்ந்த பின்னரே பொறியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இரண்டாவது, எளிதில் கிடைப்பனவும் ஒன்றற்கொன்று மாற்றத்தக்கனவுமான உறுப்புகளையே நாடுதல் வேண்டும்.

பள்ளிக்கூடத்தின் வேலை யாது? பாடம் தயாரித்தல், மதிப்பெண் பதிதல், இணையத்தில் தேடுதல் ஆகியனவே பெரும்பாலும். இவற்றுக்கு மிக வேகமான புதிய பொறி தேவையில்லை. பழைய பொறி மந்தமாக இயங்கினால், தடை எங்கே உள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும். ராம் எனப்படும் நினைவகம் போதாதபோது, பொறி தன் தகவல்களை ஹார்டு டிஸ்கில் மாறி மாறி எழுதியும் எடுத்தும் காலம் போக்குகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 8 மில்லி செகண்டு ஆகும். சுழலும் பகுதி எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி.யோ வேண்டிய தகவலை அதில் மிகச் சிறு பகுதிக்குள் எடுத்துத் தருகிறது. ஆகவே நினைவகத்தை 8 ஜி.பி.யாக உயர்த்தி, எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், ஒதுக்கப்பட்ட பல பொறிகள் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 ஆகிய நினைவக வகைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா என்பதை வாங்குமுன் கவனித்தல் நன்று.

விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்ட பொதுவான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. அதற்கடுத்த பதிப்பை ஏற்காத பொறிகளையெல்லாம் குப்பையில் சேர்ப்பது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும். லினக்ஸ் வகை அமைப்புகள் அவற்றிற் பலவற்றில் நன்கு இயங்கும். சீ-டாக்கே உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றுள் ஒன்று.

புதிதாய் வாங்க நேர்ந்தால், ஒரே மாதிரியான பொறிகளையே வாங்குதல் வேண்டும். பத்துப் பொறிகள் பத்து வகையாயிருந்தால் ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கு உதவாது. ஒரே வகையாயின், ஐயத்துக்குரிய உறுப்பை நன்கு இயங்கும் பொறியில் பொருத்திப் பார்த்துப் பழுதை உறுதி செய்யலாம். நினைவகம் மதர்போர்டோடு ஒட்டவைக்கப்பட்ட மெல்லிய பொறிகளில் இவ்வசதி இல்லை. பழைய பொறிகளை வாங்கினால் உத்தரவாதம் கிடைக்காது என்பர் சிலர். அது நியாயமான ஐயமே. ஆயினும் ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை உதிரி உறுப்புகளுக்கெனத் தனியே வைத்துக்கொண்டால் அக்குறை பெரிதும் நீங்கும்.

பழுது காண்பதில் பொறுமையே முதற் கருவி. பொறி இயங்காவிடில் மின்செருகி, கம்பி, யு.பி.எஸ். ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பின்னர் மின்சாரத்தைத் துண்டித்து, நினைவகத் துண்டுகளைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதிக்கலாம். சிறிது நேரம் ஓடித் தானே நின்றுவிடும் பொறியில் விசிறியின் தூசியையும், தேதியை மறக்கும் பொறியில் 3 வோல்ட் பொத்தான் பாட்டரியையும் ஐயுறுக. ஒரு வேளையில் ஒரே மாற்றந்தான் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் குறை எதிலிருந்தது என்பது தெரியாமற் போகும். டிஸ்கில் வழக்கத்துக்கு மாறான ஒலி கேட்டால், வேறெதற்கும் முன் தகவல்களைப் படியெடுத்தல் அவசியம். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறத்தல் ஆகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இச்சோதனைகளை மாணவர் கண்முன்னே செய்தால், அதுவே சிறந்த விஞ்ஞான பாடமாகும். கருதுகோள் கொள்ளுதல், ஒன்றை மட்டும் மாற்றுதல், விளைவைக் குறித்தல் ஆகிய முறைகளே அங்கும் கையாளப்படுகின்றன. பொறி பழுதானதும் துணியால் மூடி வைத்துவிடும் பள்ளியில் மாணவர் கணிப்பொறியைக் கண்டு அஞ்சவே கற்பர். திருகாணி முடுக்கியும் உதிரிப் பெட்டியும் கைக்கெட்டும் தூரத்திலுள்ள பள்ளியிலோ அதனை ஆளக் கற்பர்.