கிருமியைத் தேடாமலே ஆறு மாத மாத்திரையா?

மும்பையில் இருக்கிற நம்மவங்க வீடுகளில் அடிக்கடி நடக்கிற கதை இது. மூணு வாரமா இருமல், சாயங்காலமானா லேசா ஜுரம், எடையும் குறையுது. எக்ஸ்ரேயில் ஒரு திட்டு. ஆனா சளிப் பரிசோதனை நெகட்டிவ். உடனே ரெண்டு விதமா தீர்ப்பு வரும். ஒருத்தர், "டிபி இல்லை, ஆன்டிபயாடிக் போதும்"பார். இன்னொருத்தர், "டிபியாத்தான் இருக்கும், ஆறு மாசம் மாத்திரை சாப்பிடுங்க"ம்பார். என்னைக் கேட்டா ரெண்டுமே அரைகுறைத் தீர்ப்பு.

நான் டாக்டர் இல்லைங்க. பி.காம். படிச்சுட்டு பேங்க்ல கடன் மனு புரட்டறவன். 50,000 ரூபாய் கடனுக்கே முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு எல்லாம் கேட்கிறோம். நுரையீரல் விஷயத்தில் மட்டும் ஆதாரம் கேட்டா, "டாக்டரையே சந்தேகப்படறியா?"ன்னு வீட்டுப் பெரியவங்களுக்குக் கோபம் வருது!

நெகட்டிவ்னா கிருமி இல்லைன்னு அர்த்தமில்லை. மைக்ரோஸ்கோப்பில் தெரியணும்னா ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருக்கணும். ஜீன் எக்ஸ்பர்ட்டுக்குச் சுமார் 130 போதும். ரெண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமான்னு ரெண்டும் சொல்லிடும். ஆனா சளியே வராம, எச்சிலைத் துப்பிக் கொடுத்தா எந்த மிஷின் என்ன பண்ணும்?

அதனால, முதல்ல காலையில் எழுந்ததும் ஆழமா இருமி எடுத்த சளி. வரலையா, உப்புத் தண்ணியை ஆவியாக்கி இழுக்க வெச்சு எடுக்கலாம். அதிலும் விடை கிடைக்கலைன்னாதான் பிராங்கோஸ்கோபி. வெறும் வயித்தோட போகணும். தொண்டையை மரத்துப்போக வெச்சு, மெல்லிய குழாயை மூக்கு வழியாவோ வாய் வழியாவோ விட்டு, திட்டு இருக்கிற பகுதியில் உப்புத் தண்ணியைச் செலுத்தித் திரும்ப உறிஞ்சி எடுப்பாங்க. அந்தக் கழுவின நீர்தான் பரிசோதனைக்குப் போகும். முடிஞ்ச பிறகு இருமி வர்ற சளியையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுவாங்க. பெரும்பாலானவங்க அன்னிக்கே வீடு திரும்பிடறாங்க. ஆபத்தே இல்லைன்னு சொல்லலை. இதய நோய், ரத்தம் உறையாத பிரச்சினை இருந்தா முன்னாடியே சொல்லிடணும்.

"குழாயெல்லாம் எதுக்கு, மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்போமே" என்பதுதான் எனக்கு எரிச்சல் தர்ற வாதம். மாத்திரை ஆரம்பிச்ச பிறகு கிருமியைத் தேடினா கிடைக்கிறது கஷ்டம். புற்றுநோயும் பூஞ்சைத் தொற்றும்கூட படத்தில் டிபி மாதிரியே வேஷம் போடும். ரிஃபாம்பிசின் வேற பல கிருமிகளையும் கொல்லும். அதனால ஜுரம் விட்டதை வெச்சு டிபின்னு முடிவுகட்ட முடியாது. எங்க காலனியில் ஒரு பையன் படத்தை மட்டும் நம்பி ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டான். மெலிஞ்சுக்கிட்டேதான் போனான். கடைசியில் பிராங்கோஸ்கோபி பண்ணினா, மருந்துக்கு அடங்காத டிபி. வீணாப்போன ரெண்டு மாசத்தை யார் திருப்பித் தர்றது?

2012 தொடக்கத்தில், எந்த மருந்துக்கும் அடங்காத டிபி நோயாளிகளைப் பத்தி டாக்டர்கள் சொன்னதும் இதே மும்பையில்தான். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து டிபி சொல்ற டெஸ்ட்டை அரசாங்கம் தடை பண்ணினதும் அதே 2012-லதான். இத்தனைக்குப் பிறகும் ஊகத்தில் மருந்து சாப்பிடறது என்ன நியாயம்?

இன்னொரு பக்கமும் இருக்கு. சளியையே கேட்காம நேரா குழாய்க்குத் தேதி குறிச்சு பில் ஏத்தற தனியார் ஆஸ்பத்திரிகளையும் நான் ஆதரிக்கலை. "சளியில் ஜீன் எக்ஸ்பர்ட் பண்ணியாச்சா?"ன்னு முதல்ல கேளுங்க. அரசு டிபி மையத்தில் அது இலவசம். குழாய் விட்டும் கிருமி சிக்கலைன்னா, நோயாளி நிலைமை மோசமா இருந்தா, டாக்டர் அனுபவத்தை வெச்சு மருந்து தொடங்கலாம், அது நியாயம். தேடிட்டுக் கிடைக்காம போறது வேற, தேடாமலே இருக்கிறது வேற.

கடைசியா, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க. நிக்ஷய் பதிவு எண் இருந்தா இங்கே தொடங்கின சிகிச்சையைத் திருநெல்வேலியிலும் தொடரலாம். பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்னு மறைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: டிபி குணமாகிற நோய். மறைச்சா அதே வீட்டில் இன்னொருத்தருக்குத்தான் போகும்.