கல்லாப் பெட்டியும் கைத்தாளமும்

காலையில் கடையைத் திறந்தால் இரவு பூட்டும் வரை நமக்கு நிற்க நேரமில்லை. இதில் பாட்டு, நாட்டியம், கச்சேரி என்று யாராவது பேச்செடுத்தால், வேலையற்றவர்கள் பொழுதுபோக்கு என்று சிரிப்பவர்கள் நம் வணிகர்களில் உண்டு. நானும் அப்படிச் சிரித்தவன்தான். வேறு ஊர் வியாபாரிக்கு அந்தச் சிரிப்பு பொருந்தினாலும் பொருந்தலாம். காரைக்கால் வியாபாரிக்குப் பொருந்தாது.

ஏனெனில், இவ்வூர் ஈன்ற மிகப் பெரிய கலைஞர் ஒரு வணிகர் வீட்டுப் பெண். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, புனிதவதியாரின் தந்தை தனதத்தன் இங்கே வணிகர் தலைவர். கணவர் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் மகன். கடையில் இருந்தவருக்கு வந்த இரண்டு மாங்கனிகள் வீட்டுக்குப் போகின்றன. பழக் கணக்கில் ஒன்று குறைகிறது. அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. மனைவியைத் தெய்வமென்று அஞ்சிய பரமதத்தன் கப்பலேறி வாணிபத்துக்குப் போய், பாண்டி நாட்டில் வேறு குடும்பம் கண்டுவிடுகிறார். பேயுருக் கொண்ட அம்மையார் திருவாலங்காட்டில் இறைவனின் ஆடலைக் கண்டு பாடுகிறார்.

அந்தப் பாடல்கள் பதினோராம் திருமுறையில் உள்ளன. ஞானசம்பந்தர் முதலானோருக்கு முன்பே பண்ணோடு பாடப்பட்டவை ஆதலால் மூத்த திருப்பதிகம் என்றே அவற்றுக்குப் பெயர். ஒரு பாட்டில் சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும், தக்கை, மத்தளம், வீணை, குடமுழா என்று இசைக்கருவிகளையும் அடுக்கிக்கொண்டே போகிறார். கிடங்கில் உள்ள சரக்கை மொத்த வியாபாரி ஒப்பிப்பது போல இருக்கும். (வணிகர் மகள் அல்லவா!) கையில் தாளத்துடன், எலும்பும் தோலுமாக அவர் அமர்ந்திருக்கும் சோழர் காலத்துச் சிறிய திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடத்துகிறோம். அது பக்தி, அதில் கலை எங்கே வந்தது என்று கேட்கலாம். மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம், பிச்சாண்டவர் வீதியுலா, அமுது படையல் என்று ஒரு வணிகக் குடும்பத்தின் கதையை ஊரே சேர்ந்து தெருவில் நடிக்கிறதே, அதற்கு என்ன பெயர்? மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பவரும் நடிகர், கீழே கையேந்தி நிற்பவரும் நடிகர். மாம்பழம் விற்பவருக்கும் பூ விற்பவருக்கும் அன்று நல்ல வியாபாரம் என்பது வேறு.

கொரோனா காரணமாக 2020-இல் விழா கோயிலுக்குள்ளேயே நடந்து முடிந்தது. எங்கள் வீட்டில் மாம்பழம் இருந்தது. அறுத்துத் தின்றோம். பழம் தின்றோம், அவ்வளவுதான். அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று.

நம்மவர்களுக்கு லாப நஷ்டம் சொன்னால்தான் காதில் ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பாட்டும் கூத்தும் ஓவியமும் உடல் நலத்துக்கும் மன நலத்துக்கும் துணை செய்கின்றன என்கிறது. அதே ஆண்டு இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 6,710 பேரைப் பற்றி வெளியான ஆய்வில், ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் கச்சேரி, நாடகம், கலைக்கூடம் என்று போனவர்களுக்கே, 14 ஆண்டுக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, எதற்கும் போகாதவர்களைவிட 14 சதவீதம் குறைவாக இருந்ததாம். கச்சேரி கேட்டதால்தான் ஆயுள் கூடியது என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது; திடகாத்திரமாக இருப்பவர்தானே வெளியே போவார். எனினும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு, கல்லாவை விட்டு நகராத நம் கூட்டத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு மாலை அதிகமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதுக் கடை திறப்பு என்றால் முன்பெல்லாம் வாசலில் நாகஸ்வரமும் தவிலும் ஒலிக்கும். இப்போது ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள். சில வருஷங்களுக்கு முன் நான் கிளைக் கடை திறந்தபோது நானும் அதையேதான் செய்தேன். பருப்பு என்ன விலை என்று வந்தவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு பேர் திரும்பியே போய்விட்டார்கள். கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசிக்க அழைப்பு இல்லாவிட்டால் அந்தக் குறியீட்டை வைத்துக்கொண்டு செய்பவர் என்ன செய்வார்? வாங்க ஆளில்லாத சரக்கின் கதி நமக்குத் தெரியாததல்ல.

அடுத்த பொதுக்குழுவில் இரண்டு விஷயங்களை எழுப்ப இருக்கிறேன். உறுப்பினர் கடைத் திறப்புக்கும் ஆயுத பூஜைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பதிலாக ஒரு மணி நேரமாவது நாகஸ்வரம், தவில் வைப்பது; பாதிச் செலவைச் சங்கம் ஏற்கலாம். மாங்கனித் திருவிழா நாட்களில் ஒரு மாலை மட்டும் ஏழு மணிக்கே கடைகளை அடைத்துவிட்டு, குடும்பத்தோடு, கடைப் பையன்களையும் அழைத்துக்கொண்டு, இசையோ பரதமோ நடக்கும் இடத்தில் போய் உட்காருவது. விழாக் கூட்டம் வரும் நேரத்தில் கடையை அடைப்பதா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பேசிக்கொள்வோம். எந்த நாள் என்பதை மட்டும் மாம்பழ வியாபாரிகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.