பென்டிரைவ் தப்புக்குக் கம்ப்யூட்டரையா தூக்கிப் போடுவது?

"சார், இது தேறாது. புதுசு வாங்கிடுங்க."

கடைக்காரத் தம்பி ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், 2010-ல் வாங்கிய என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டுத் தரச் சொல்லியிருந்தேன். பென்டிரைவைச் செருகினார், கறுப்புத் திரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. அதே பென்டிரைவ் கடையின் புது லேப்டாப்பில் ஓடியது. ஆகவே என் கம்ப்யூட்டர்தான் பழுதாம்!

இதுவா பரிசோதனை? புது லேப்டாப் யூஇஎஃப்ஐ முறையில் எழும்புவது. என்னுடையது பழைய பயாஸ். ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென்டிரைவைத் தயார் செய்யும்போது எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் ஜிபிடி போட்டிருந்தார். என் பயாஸுக்கு எம்பிஆர்தான் வேண்டும். இது எனக்கும் அன்று தெரியாது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எம்பிஆர் என்று மாற்றி எழுதினேன், எழும்பியது. ஆனால் நிறுவும்போது பாதியில் நின்றது. சரி, தம்பி சொன்னதுதான் நிஜமோ என்று ஒரு ராத்திரி எனக்கே சந்தேகம். மறுநாள் நான் இறக்கிய கோப்பின் ஷா-256 எண்ணைக் கணக்கிட்டு, மின்ட் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டேன். 64 எழுத்துகள். கோப்பில் ஓர் இடம் கெட்டிருந்தாலும் அத்தனையும் மாறிவிடும். பொருந்தவில்லை. இறக்கம் பழுது! மறுபடி இறக்கினேன், எண் பொருந்தியது, அரை மணியில் வேலை முடிந்தது. மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ராம் போதும்; என்னிடம் 4 இருக்கிறது.

"ஒவ்வொருத்தருக்கும் இவ்வளவு நேரம் பார்த்தால் கடை வாடகை யார் கொடுப்பது?" என்பார்கள். நியாயம்தான். நேரத்துக்குக் கூலி கேளுங்கள், கொடுக்கிறேன். "தெரியவில்லை சார்" என்றாலும் மரியாதையோடு திரும்பிவிடுவேன். பார்க்காமலே செத்துவிட்டது என்று சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. நரைத்த தலையைப் பார்த்தால் எதுவும் சொல்லலாம் என்ற எண்ணம், வேறென்ன?

உங்களிடமும் யாராவது இப்படிச் சொன்னால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் கேளுங்கள்: "பென்டிரைவை எம்பிஆரில் எழுதிப் பார்த்தீர்களா தம்பி?"