தொண்டர், சர்பஞ்ச், எம்எல்ஏ: சித்தூர், திருப்பதி அரசியல் உணர்த்தும் பாடம்

திருப்பதி: ஒருங்கிணைந்த சித்தூர் மாவட்டத்தின் 14 சட்டமன்றத் தொகுதிகளில் 13-ஐ 2019-ஆம் ஆண்டு ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் கைப்பற்றியது. தெலுங்கு தேசம் கட்சிக்கு எஞ்சியது சந்திரபாபு நாயுடுவின் குப்பம் மட்டுமே. ஐந்தே ஆண்டுகளில் கணக்கு தலைகீழானது. 2024 தேர்தலில் தெலுங்கு தேசம், ஜனசேனா, பாஜக கூட்டணி 12 தொகுதிகளில் வென்றது. புங்கனூர், தம்பள்ளபல்லி ஆகிய இரண்டு மட்டுமே ஒய்எஸ்ஆர் காங்கிரஸிடம் தங்கின.

மாநிலம் முழுவதும் வீசிய எதிர்ப்பலையே இதற்கு முதற்காரணம். 175 தொகுதிகளில் 164-ஐக் கூட்டணி வென்ற தேர்தலில் சித்தூர் மட்டும் விலகி நின்றிருக்க முடியாது. எனினும், தொகுதிகளைத் தனித்தனியே நோக்கும்போது மற்றொரு காரணமும் புலப்படுகிறது. வாக்குச்சாவடியில் நிற்கும் தொண்டருக்கும், அவர் உழைப்பால் பதவி பெற்ற மக்கள் பிரதிநிதிக்கும் இடையிலான உறவு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஆந்திராவின் இரு பெரிய கட்சிகளும் அடுத்தடுத்துத் தவறான விடைகளைக் கண்டன. அதற்கான விலையை இரண்டுமே கொடுத்துள்ளன.

தொண்டரிடம் அதிகாரம்: ஜன்மபூமி குழுக்கள்

2014-இல் ஆட்சிக்கு வந்த சந்திரபாபு நாயுடு அரசு, கிராமங்களிலும் வார்டுகளிலும் ஜன்மபூமி குழுக்களை அமைத்தது. ஊராட்சித் தலைவரான சர்பஞ்ச், மண்டல பரிஷத் உறுப்பினர், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோருடன் 'சமூக ஆர்வலர்' என்ற பெயரிலும் சிலர் இவற்றில் இடம்பெற்றனர். முதியோர் ஓய்வூதியம், வீடு போன்ற நலத்திட்டங்களுக்குப் பயனாளிகளைத் தேர்வு செய்வதில் இக்குழுக்களின் சொல்லே எடுபட்டது.

சமூக ஆர்வலர் இருக்கையில் பெரும்பாலும் ஆளுங்கட்சித் தொண்டரே அமர்ந்தார் என்பது அன்றைய எதிர்க்கட்சியின் முக்கியக் குற்றச்சாட்டு. எதிர்க்கட்சிக்கு வாக்களித்தவர் என்று கருதப்பட்ட முதியவர், ஓய்வூதியத்துக்காகத் தொண்டரின் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டியுள்ளது என்று ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் பரப்புரை செய்தது. 2017 நவம்பர் முதல் 2019 ஜனவரி வரை ஜெகன் மோகன் ரெட்டி மேற்கொண்ட நடைப்பயணத்திலும் இது திரும்பத் திரும்ப ஒலித்தது. 2019-இல் தெலுங்கு தேசம் வீழ்ந்ததற்கான காரணங்களைப் பட்டியலிடும் எவரும் ஜன்மபூமி குழுக்களை விடுவதில்லை.

தொண்டரின் இடத்தில் தன்னார்வலர்

ஜெகன் அரசு எதிர்த்திசையில் சென்றது. 2019 ஆகஸ்ட் 15 அன்று கிராம, வார்டு தன்னார்வலர் திட்டம் தொடங்கப்பட்டது. 50 குடும்பங்களுக்கு ஒருவர் என்ற அளவில் சுமார் 2.6 லட்சம் பேர், மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். அதே ஆண்டு காந்தி ஜெயந்தியன்று கிராம, வார்டு செயலகங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. மாதத்தின் முதல் நாளில் ஓய்வூதியம் வீடு தேடி வந்தது. முதியவர்களின் அலைச்சல் பெருமளவு குறைந்தது என்பதை எதிர்க்கட்சியினரும் மறுக்கவில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டில் இருவருக்கு வேலையில்லாமல் போனது. ஒருவர் சர்பஞ்ச், மற்றவர் கட்சித் தொண்டர். உதவித்தொகை முதலமைச்சர் பொத்தானை அழுத்தியதும் நேரடியாக வங்கிக் கணக்கில் சேர்ந்தது. ஓய்வூதியம் தன்னார்வலரின் கையால் சென்றது. தெருவிளக்கு எரியவில்லை, கால்வாய் அடைத்துள்ளது என்ற குறைகள் மட்டும் வழக்கம்போல் சர்பஞ்சிடம் வந்தன. அவற்றைச் சரிசெய்ய அவரிடம் பணமில்லை. மத்திய நிதிக்குழு வழியாக ஊராட்சிகளுக்கு வந்த தொகையை மின்கட்டண நிலுவைக்காக மாநில அரசு எடுத்துக்கொண்டதை எதிர்த்து, கட்சி வேறுபாடின்றி சர்பஞ்சுகள் வீதிக்கு வந்தனர்.

ஆபத்தை ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் தாமதமாகவே உணர்ந்தது. 2022 மே மாதம் எம்எல்ஏக்கள் வீடு வீடாகச் செல்லும் 'கடப கடபகு மன பிரபுத்வம்' இயக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு தன்னார்வலருக்கு இணையாகக் கட்சி சார்பில் 'கிருஹ சாரதிகள்' நியமிக்கப்பட்டனர். 2024 மார்ச் இறுதியில், தேர்தல் முடியும்வரை தன்னார்வலர்கள் ஓய்வூதியம் வழங்கத் தேர்தல் ஆணையம் தடை விதித்தபோது, வாக்காளரிடம் அன்றாடத் தொடர்பு வைத்திருந்த அமைப்பு கட்சியின் கையை விட்டுப் போனது. ஐந்தாண்டு ஒதுங்கியிருந்த தொண்டரால் அந்த இடைவெளியைச் சில வாரங்களில் நிரப்ப முடியவில்லை.

தோல்விக்குப் பின், 2025 பிப்ரவரியில் விஜயவாடா மாமன்ற உறுப்பினர்களிடையே பேசிய ஜெகன், முதல் ஆட்சிக்காலத்தில் தொண்டர்களுக்குப் போதிய கவனம் அளிக்க முடியவில்லை என்றும், 'ஜெகன் 2.0' தொண்டர்களுக்கானதாக இருக்கும் என்றும் கூறினார். முந்தைய ஐந்தாண்டுகள் குறித்த ஒப்புதலாகவே அது பார்க்கப்பட்டது.

நகரியில் முறிந்த உறவு

தமிழ்நாட்டின் திருத்தணி, பள்ளிப்பட்டு பகுதிகளை ஒட்டியுள்ள நகரி, இந்த முறிவைத் தெளிவாகக் காட்டிய தொகுதி. நடிகை ரோஜா இங்கு 2014-இல் 858 வாக்குகள் வித்தியாசத்திலும், 2019-இல் 2,708 வாக்குகள் வித்தியாசத்திலும் வென்றவர். இத்தகைய நூலிழை வெற்றிகளில் ஒவ்வொரு மண்டலத்தின் உள்ளூர்த் தலைவரும் இன்றியமையாதவர்.

2022-இல் அமைச்சரான பின் ரோஜாவுக்கும் சொந்தக் கட்சியின் மண்டல அளவிலான தலைவர்களுக்கும் இடையே பூசல் முற்றியது. அவருக்கு மீண்டும் வாய்ப்பளிக்கக் கூடாது என்று அவர்கள் வெளிப்படையாகவே பேசினர். கட்சித் தலைமை ரோஜாவையே நிறுத்தியது. 2024 மே 13 வாக்குப்பதிவு நாளன்று, தம் கட்சியினரே தமக்கு எதிராக வேலை செய்வதாக ரோஜா செய்தியாளர்களிடம் வேதனை தெரிவித்தார். தெலுங்கு தேசத்தின் காலி பானு பிரகாஷிடம் அவர் 45 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். உட்கட்சிப் பூசல் மட்டுமே இத்தனை பெரிய வித்தியாசத்தை உருவாக்கியிருக்காது. ஆனால் அலையைத் தாங்கி நிற்க வேண்டிய உள்ளூர் அமைப்பு அங்கு ஒன்றுபட்டு நிற்கவில்லை.

குப்பத்துக்கு விழுந்த அடி

தெலுங்கு தேசத்துக்கு இதே பாடம் 2021-இல் குப்பத்தில் கிடைத்தது. 1989 முதல் தொடர்ந்து 8 முறை சந்திரபாபுவைத் தேர்ந்தெடுத்துள்ள தொகுதி இது. தமிழ்நாடு, கர்நாடகா இரண்டையும் ஒட்டியுள்ள இங்கு, கட்சித் தலைவர் பெரும்பாலும் ஹைதராபாத்திலோ அமராவதியிலோ இருக்க, தொகுதிப் பணிகளை உள்ளூர்த் தலைவர்கள் சிலரே கவனித்து வந்தனர்.

2021 பிப்ரவரி ஊராட்சித் தேர்தலில் தொகுதியின் 89 ஊராட்சிகளில் 74-ல் தங்கள் ஆதரவாளர்கள் வென்றதாக ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த குப்பம் நகராட்சித் தேர்தலில் 25 வார்டுகளில் 19-ஐ அக்கட்சி வென்றது. மிரட்டலும் கள்ள வாக்குகளுமே காரணம் என்று தெலுங்கு தேசம் குற்றஞ்சாட்டியது. ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் அதை மறுத்தது.

குற்றச்சாட்டுடன் சந்திரபாபு நின்றுவிடவில்லை. ஊராட்சித் தேர்தல் முடிந்ததும் மூன்று நாள் குப்பத்தில் தங்கித் தொண்டர்களைச் சந்தித்தார். அதன்பின் அவரது வருகைகள் அதிகரித்தன. 2023 ஜனவரி 27 அன்று நாரா லோகேஷின் 'யுவகளம்' நடைப்பயணம் குப்பத்திலிருந்தே புறப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதம், சித்தூர் மாவட்டத்தையும் உள்ளடக்கிய கிழக்கு ராயலசீமா பட்டதாரிகள் தொகுதியில் வென்ற சட்ட மேலவை உறுப்பினர் கஞ்சர்லா ஸ்ரீகாந்திடம் குப்பம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 2019-இல் 30,722 ஆகச் சரிந்திருந்த சந்திரபாபுவின் வாக்கு வித்தியாசம், 2024-இல் 48,006 ஆக உயர்ந்தது. 2025 மே மாதம் அவர் தொகுதிக்குள்ளேயே சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்தார். முதன்முறை வென்று ஏறத்தாழ 36 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த புதுமனைப் புகுவிழா அது.

மன்றங்களில் மாறிய எண்ணிக்கை

வெற்றி பெற்ற கட்சிக்கு இப்போது வேறொரு சிக்கல். திருப்பதித் தொகுதியில் 2019-இல் தெலுங்கு தேசத்தின் சுகுணம்மா வெறும் 708 வாக்குகளில் வெற்றியை இழந்தவர். 2024-இல் தொகுதி ஜனசேனாவுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்பாளராக நிறுத்தப்பட்டவர், சித்தூர் எம்எல்ஏவாக இருந்து அப்போதுதான் ஒய்எஸ்ஆர் காங்கிரஸிலிருந்து வந்த ஆரணி சீனிவாசலு. சுகுணம்மாவும் கூட்டணித் தொண்டர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் சமாதானம் செய்யப்பட்டனர். சீனிவாசலு 60 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

உள்ளாட்சி மன்றங்களிலும் இதே போக்கு தொடர்ந்தது. 2021-இல் திருப்பதி மாநகராட்சியில் தேர்தல் நடந்த 49 வார்டுகளில் 48-ஐ ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் வென்றிருந்தது. அதே மன்றம் 2025 பிப்ரவரியில், பதற்றத்துக்கும் ஒத்திவைப்புக்கும் பின், 26-க்கு 21 என்ற கணக்கில் தெலுங்கு தேசத்தின் முனிகிருஷ்ணாவைத் துணை மேயராகத் தேர்ந்தெடுத்தது. குப்பம் நகராட்சித் தலைவர் பதவியும் 2025 ஏப்ரலில் 15-க்கு 9 என்ற கணக்கில் அக்கட்சியின் செல்வராஜுக்குக் கிடைத்தது. வார்டுகளில் மறுதேர்தல் நடக்கவில்லை; உறுப்பினர்களே அணி மாறினர்.

ஆளுங்கட்சிக்கு இது எளிய வெற்றி. ஆனால் 2021-இல் நெருக்கடிகளுக்கிடையே மனுத்தாக்கல் செய்து தோற்ற தொண்டர், அன்று தம்மை வீழ்த்தியவரையே இன்று சொந்தக் கட்சியின் உறுப்பினராக ஏற்க வேண்டியுள்ளது. 2025 மே மாதம் கடப்பாவில் நடந்த மகாநாடு மாநாட்டில் 'தொண்டரே தலைவர்' என்பதைத் தன் ஆறு கொள்கைகளுள் ஒன்றாக தெலுங்கு தேசம் அறிவித்தது. அந்த முழக்கம் உரசிப் பார்க்கப்படும் இடம் இதுதான்.

அடுத்த சோதனை

கூட்டணி அரசு தன்னார்வலர் முறையைத் தொடரவில்லை. மதிப்பூதியத்தை 10,000 ரூபாயாக உயர்த்துவதாக அளித்த வாக்குறுதியும் நிறைவேறவில்லை. 4,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஓய்வூதியத்தைச் செயலகப் பணியாளர்கள் வீடுகளில் வழங்க, எம்எல்ஏக்களும் கட்சியினரும் உடன் செல்கின்றனர். 2025 ஜூலையில், ஓராண்டுச் சாதனைகளை விளக்கும் வீடு வீடான பரப்புரையையும் சந்திரபாபு குப்பத்திலிருந்தே தொடங்கினார்.

இங்குதான் எச்சரிக்கை தேவை. தொண்டர் உடன் சென்று குறை கேட்பது மக்களாட்சிக்கு நன்மை. யாருக்கு ஓய்வூதியம் என்பதை அவரே முடிவு செய்யத் தொடங்கினால் ஜன்மபூமி குழுக்கள் வேறு பெயரில் திரும்பிவிடும். அவரை முற்றிலும் ஒதுக்கினால் ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் கண்ட வெறுமையே மிஞ்சும். குறையை மேலே கொண்டு செல்வது தொண்டரின் பணி. விதிப்படி முடிவெடுப்பது அதிகாரியின் பணி. அதற்குப் பதில் சொல்வது சர்பஞ்ச், எம்எல்ஏ போன்ற மக்கள் பிரதிநிதிகளின் பணி. இந்த எல்லைகள் குழம்பியபோதெல்லாம் இழப்பு முதலில் சாதாரணக் குடிமகனுக்கும், பின்னர் ஆளுங்கட்சிக்கும் ஏற்பட்டது.

2021-இல் தேர்வான ஊராட்சி, நகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026-உடன் முடிகிறது. அணி மாறியவர்களால் கிடைத்த பெரும்பான்மை அத்துடன் காலாவதியாகும். அதன்பின் நடக்கும் உள்ளாட்சித் தேர்தலில் யாருக்கு வேட்பாளர் வாய்ப்பு அளிக்கப்படுகிறது என்பதிலிருந்தே, சித்தூரும் திருப்பதியும் கற்பித்த பாடத்தைக் கட்சிகள் படித்தனவா என்பது தெரிந்துவிடும்.