'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, டாக்டர்'

புற்றுநோய் மருத்துவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. நோயாளியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மகன் மட்டும் உள்ளே வருவார். 'அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க' என்பார். அடுத்த மூச்சில், 'இன்னும் எத்தனை நாள் தாங்கும்?' என்று கேட்பார்.

பாசத்தில் கேட்பதுதான். ஆனால், வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புவதுதான் வேடிக்கை. பக்கத்துப் படுக்கைக்காரர் பேச்சிலும், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முகத்திலும் அவர் பாதியைப் படித்துவிடுகிறார். பிள்ளைகள் மனசு நோகக்கூடாதே என்று அவரும் தெரியாததுபோல் இருக்கிறார். இந்த நாடகத்துக்கு நடுவே, பங்காளிச் சண்டையில் பேசாமல்போன தம்பியைக் கூப்பிட்டுப் பேசுவதும், வீட்டுப் பத்திரத்தை யார் பெயருக்கு எழுதுவதென்று முடிவெடுப்பதும் நின்றுபோகின்றன.

நாள் குறிப்பதில் மருத்துவர்களும் கெட்டிக்காரர்கள் அல்லர். 2000-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான சிகாகோ ஆய்வில், 343 மருத்துவர்கள் 468 நோயாளிகளின் ஆயுளைக் கணித்தார்கள். ஏறக்குறைய சரியாக இருந்தது ஐந்தில் ஒன்றுதான். தவறியவற்றில் பெரும்பாலானவை கூடுதலாகச் சொன்னவை. நோயாளியோடு நெடுநாள் பழகிய மருத்துவரே அதிகம் தவறினார்! இன்னொரு பக்கம், அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கோல்டுக்கு 1982-ல் வந்த புற்றுநோயில் பாதிப் பேர் 8 மாதங்களுக்குள் இறந்துவிடுவார்கள் என்றது புள்ளிவிவரம். மீதிப் பாதியில் தான் இருக்கக்கூடாதா என்று யோசித்த அவர், 20 ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆகவே, 'மூன்று மாசம்' என்று ஒற்றை எண்ணைத் தூக்கிப்போடுவது தப்பு. நன்றாகப் போனால் இவ்வளவு, மோசமானால் இவ்வளவு, பெரும்பாலோருக்கு இவ்வளவு என்று சொல்லலாம். அதற்கும் முன்னால், 'உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?' என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். 'பையன்கிட்ட பேசிக்குங்க' என்று அவர் சொன்னால், சரி. அது அவருடைய முடிவு.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டாலே போதும் என்றது. நோயின் பெயரையே மறைத்துவிட்டால், அந்த உரிமை காகிதத்தோடு சரி.

நெரிசல் மிகுந்த ஓ.பி.யில் இப்படிப் பேச நேரமேது என்ற மருத்துவர்களின் குரலும் நியாயமானது. புற்றுநோய்ப் பிரிவு உள்ள ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் கதவைச் சாத்திப் பேச ஓர் அறையையும், அதற்கென வாரத்தில் சில மணி நேரத்தையும் சுகாதாரத் துறை ஒதுக்கட்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.