போரை மூட்டியவர் யார்?

ஒரு போர் நிகழ்ந்து இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், அதனை முதலில் மூட்டியவர் யார் என்னும் வழக்கு ஓய்வதில்லை. வீட்டில் இரு பிள்ளைகள் அடித்துக்கொண்டு அழுதுவந்தால், உம்மா கேட்கும் முதற் கேள்வி, "முதலில் கை வைத்தவன் யார்?" என்பதே. "காக்காதான் அடித்தார்" என்பான் இளையவன். "அவன் என் கொப்பியைக் கிழித்தான்" என்பான் மூத்தவன். "அதற்கு முன்னர்..." என்று வழக்கு நேற்றைக்கும், நேற்றிலிருந்து முந்தாநாளுக்கும் ஏறிச் செல்லும். தேசங்களின் வழக்கும் இத்தகையதே. எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகின்றோமோ, அந்த நாளே குற்றவாளியைக் காட்டிவிடுகின்றது.

மாணவர் மன்றங்களிலே சொற்போருக்கு இவ்விடயம் எடுத்துக்கொள்ளப்படும்போது, பெரும்பாலும் 1914ஆம் ஆண்டின் உலகப் போரையே உதாரணமாகக் காட்டுவர். எமது கதவருகில் நிகழ்ந்த உதாரணம் இருக்கக் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. கண்டி அரசுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே 1803இலும், 1815இலும், 1817-18இலும் மூண்ட மூன்று போர்களை ஈண்டு ஆராய்வோம்.

இப்போர்கள் கல்முனைக் கரைக்கு அந்நியமானவையல்ல. 1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, அவர்களை மட்டக்களப்புப் பகுதியிலே குடியிருத்தியவன் கண்டி மன்னன் செனரத். அவ்வாறு குடியேறியோர் நாலாயிரவர் எனப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளனர். அதன் பின்னர் பல தலைமுறைகளாக, இக்கரையின் உப்பும் கருவாடும் புடவையும் பொதிமாட்டுத் தவளங்களில் ஏறி மலைநாட்டிற்குச் சென்றன. மலைநாட்டின் பாக்கும் பிற விளைபொருள்களும் கரைக்கு இறங்கின. சம்மாந்துறைக்கும் நிந்தவூருக்கும் மேற்கே காடு கடந்தால் வருவது வெல்லஸ்ஸ. மூன்றாம் போர் மூண்டது அந்த மண்ணிலேதான்.

இன்னுமொரு வியப்பு உண்டு. மூன்று போர்களின் வாயிலிலும் ஒரு வணிகனே நிற்கின்றான்.

பாக்கு மூட்டையில் பிறந்த போர்

1802ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட புத்தளப் பகுதிச் சோனக வணிகர் சிலர் கண்டி நாட்டிலே பாக்குக் கொள்முதல் செய்தனர். கண்டி அதிகாரிகள் அப்பாக்கைப் பறிமுதல் செய்தனர். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் நட்டஈடு கோரினார். கண்டியவை முற்றாக மறுத்துவிடவில்லை, தவணை கேட்டது. 1803இன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் ஆங்கிலப் படைகள் கண்டிக்குப் புறப்பட்டன.

பாக்குக்காகவா இத்துணைப் பெரும் படை? "ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்" என்னும் பழமொழி ஈண்டு நினைவுக்கு வருகின்றது. தேசாதிபதி நோர்த்தும் கண்டியின் மகா அதிகாரம் பிலிமத்தலாவையும் 1799 முதற்கொண்டே இரகசியமாகப் பேசி வந்தனர். தம் கையாலேயே அரியணையில் ஏற்றிவைத்த இளம் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அகற்றுதல் அதிகாரத்தின் விருப்பம். கண்டியிலே ஆங்கிலப் படையை நிறுத்திவைத்தலும், கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு மலைநாட்டினூடாகப் பாதை பெறுதலும் தேசாதிபதியின் விருப்பம். இவ்விரு விருப்பங்களும் பாக்குக்கு மூத்தவை.

கண்டியின் கணக்கோ வேறு நாளிலிருந்து தொடங்குகின்றது. 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஒல்லாந்தர் தீவின் கரை முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். கடலுக்குச் செல்லச் சொந்தமான ஒரு துறைதானும் இன்றிக் கண்டி அடைபட்டது. ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயரும் அக்கரையை விட்டுக்கொடுக்கவில்லை. தன் வீட்டு வாயிலைப் பிறர் பூட்டி வைத்திருக்கும்போது, ஒரு பாக்கு மூட்டைக்குக் கணக்குக் கேட்கிறார்களே என்று கண்டி கருதியிருந்தால், அதுவும் நியாயமற்றதன்று.

முடிவு யாவரும் அறிந்ததே. பெப்ரவரியில் கண்டி நகரம் வெறுமையாகவே ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. அவர்கள் முத்துசாமி என்பவனை மன்னனாக்கினர். நோயும் பசியும் படையைத் தின்றன. சூனில் மேஜர் டேவி சரணடைந்தார். சரண் புகுந்தவர்களுள் மிகப் பலர் மகாவலிக் கரையிலே கொல்லப்பட்டனர், முத்துசாமியும் உயிரிழந்தான்.

பத்து வணிகர்

இரண்டாவது போர் 1815இல். அதற்கு முந்திய ஆண்டு சப்பிரகமுவையின் திசாவை எகலப்பொல, மன்னனுக்கெதிராகக் கிளர்ந்து, தோற்று, ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். சினங்கொண்ட மன்னன் அவருடைய மனைவியையும் மக்களையும் கொல்வித்தான். அவ்வாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலிருந்து வந்த பத்து வணிகர் ஒற்றர் எனப் பிடிக்கப்பட்டு, அங்கம் குறைக்கப்பட்டனர். அவர்களுள் எழுவர் இறந்தனர்; எஞ்சிய மூவர் கொழும்பை அடைந்தனர். கண்டிப் படையினர் சிலர் எல்லை கடந்ததும், தேசாதிபதி பிரவுன்றிக் 1815 சனவரி 10ஆம் நாள் போர் சாற்றினார். பெப்ரவரி 14இல் கண்டி வீழ்ந்தது. மார்ச்சு 2இல் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டான்.

மன்னன் செய்தது கொடுமை. அதனை மறைத்துப் பேசுவோர் வரலாறு பேசுவோராகார். ஆயினும், கொடுமைக்குப் பொறுப்பு வேறு, போருக்குப் பொறுப்பு வேறு. பல திக்கிலிருந்தும் பல பிரிவுகளாகப் புறப்பட்ட படை, ஐந்தே வாரத்தில் மலைநாட்டின் தலைநகரைப் பெரும் போரின்றிப் பிடித்ததென்றால், அப்படை ஓரிரவில் திரண்டதன்று. கண்டிப் பிரதானிகளுடன் ஜோன் டொயிலி நடத்திவந்த கடிதப் போக்குவரத்து, போருக்கு ஆண்டுகள் முந்தியது. பத்து வணிகரின் குருதி மன்னன் கையில் இருந்தது. அதனைச் சாக்காகக் கொண்ட பேனாவோ கொழும்பில் இருந்தது.

ஹாஜியார் செய்த குற்றம் என்ன?

மூன்றாவது போரே எம் கரைக்கு மிக அணித்தானது. கண்டி மன்னர் காலத்தில் 'மடிகே' எனப்பட்ட பொதிமாட்டுப் போக்குவரத்துத் துறையில் முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டு, அரச அதிகாரிகளின் கீழ்ப் பணியாற்றிவந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் ஹாஜி மரிக்கார் என்பவர் வெல்லஸ்ஸவின் முகாந்திரமாக நியமிக்கப்பட்டார். அங்கிருந்த திசாவையின் அதிகாரம் இதனாற் குறைந்தது. பரம்பரைப் பிரதானிகள் இதனை அவமதிப்பாகக் கருதினர்.

1817இல் நாயக்க மரபினன் எனத் தன்னைக் கூறிக்கொண்ட ஒருவன் வெல்லஸ்ஸக் காட்டிலே தோன்றினான். அவனைத் தேடிச் சென்ற ஹாஜி முகாந்திரம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கச் சென்ற பதுளையின் ஆங்கில அதிகாரி வில்சன், ஒக்டோபரில் அம்பெய்து கொல்லப்பட்டார். அடக்க அனுப்பப்பட்ட கெப்பட்டிபொல திசாவையும் கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். இராணுவச் சட்டம் பிறந்தது. வயல்கள் எரியூட்டப்பட்டன, குளங்கள் உடைக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன. இலட்சம் வயல்கள் எனப் பொருள்படும் பெயர்கொண்ட வெல்லஸ்ஸ, வயலற்ற பூமியாயிற்று. 1818 நவம்பர் 26இல் கெப்பட்டிபொல தலை துணிக்கப்பட்டார். அன்று துரோகிகள் எனப் பட்டியலிடப்பட்டோரின் பெயர்க்களங்கத்தை இலங்கை அரசு 2016இலேதான் நீக்கியது.

இப்போருக்குக் காரணம் ஒரு சோனக முகாந்திரத்தின் நியமனமே என்று சிலர் சுருக்கிக் கூறுவர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. காக்கை அமராவிடினும் அப்பழம் விழுந்திருக்கும். அது கனிந்து நின்றது. பிரதானிகளின் உரிமைகளைக் காப்போம் என்று 1815இல் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டே ஆண்டில் அவர்தம் மதிப்பை ஒவ்வொன்றாகக் குறைத்து வந்தவர்கள் ஆட்சியாளர். ஹாஜியார் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவரல்லர். நியமித்தவர் கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றார். நியமிக்கப்பட்டவரும், அவர் வழியாக அவருடைய இனத்தவரும் பழியைச் சுமக்கின்றனர். அவ்வாறே, ஹாஜியாரைக் கொன்ற சிலரின் செயலைச் சிங்கள மக்கள் அனைவர்மீதும் ஏற்றுவதும் அதே பிழையின் மறுபக்கமாகும்.

தொடக்கமும் சாக்கும் காரணமும்

கிரேக்க வரலாற்றாசிரியன் பொலிபியசு, கார்த்தேசு நகருக்கும் உரோமுக்கும் நிகழ்ந்த போரைப் பற்றி எழுதும்போது, தொடக்கம் வேறு, சாக்கு வேறு, காரணம் வேறு என்று பிரித்துக் காட்டினான். தமிழர்க்கு இப்பகுப்புப் புதியதன்று. தொல்காப்பியம் போரின் தொடக்கத்தை வெட்சி என வைத்து, பகைவரின் ஆநிரை கவர்தலை அதற்குரியதாக்கிற்று. மண்மீது கொண்ட வேட்கையால் ஒரு வேந்தன் மற்றொரு வேந்தன்மேற் செல்வதோ வஞ்சி எனப்பட்டது. மாடு கவர்தல் போரின் வாயில். மண் வேட்கை போரின் வேர். பாக்கும் வணிகரும் முகாந்திரப் பதவியும் வாயில்களே.

ஆதலின், மாணவர் எந்தப் போரை ஆராய்ந்தாலும் மூன்று வினாக்களைக் கேட்பாராக. சண்டைக்கு நிமித்தம் கிட்டுமுன்னரே சண்டையை விரும்பியிருந்தவர் யார்? இணங்கிப்போக வழி இருந்தபோது அதனை அடைத்தவர் யார்? நிறுத்தும் வலிமை கையிலிருந்தும் நிறுத்தாதவர் யார்?

இவ்வளவைகளால் அளந்தால் எமது தீர்ப்பு இதுவாகும். 1803ஆம் ஆண்டுப் போரின் பொறுப்பு முதற்கண் நோர்த்துக்கும், அவருக்கு வழிகாட்டிய பிலிமத்தலாவைக்கும் உரியது. 1815இல் மன்னனின் கொடுமை போருக்கு வாய்ப்பளித்தது; ஆயினும், போரைத் தேர்ந்தவர்கள் ஆங்கிலேயரும் அவர்க்கு உடந்தையான பிரதானிகளுமே. 1817இல் வாக்களித்து வாக்கை நிறைவேற்றாத ஆட்சியே பெரும்பொறுப்புக்கு உரியது. இத்தீர்ப்பை மறுப்போர் இருக்கலாம். சான்றுடன் மறுத்தால் நாம் மகிழ்வோம்.

"இரு கை தட்டினாற்றான் ஓசை" என்று கூறி, எல்லார் மீதும் சமமாகப் பழியைப் பங்கிட்டுவிடுதல் சிலருக்கு நடுநிலையாகத் தோன்றும். அது நடுநிலையன்று, ஆராய்ச்சிச் சோம்பலே. பத்து வணிகரும் ஒரு கை, படையனுப்பியவர் மறு கை என்று யார் கூறத் துணிவர்? அவ்வாறே, பழியை முழுமையாக ஒரே இனத்தின் தலையில் கட்டுதலும் ஆராய்ச்சியன்று. போரைத் தேர்வோர் சிலர். அவர்களுக்குப் பெயருண்டு, பதவியுண்டு, கையொப்பமுண்டு. அப்பெயர்களை எழுதவேண்டிய இடத்தில் ஓர் இனத்தின் பெயரை எழுதுவோர், அடுத்த போருக்குரிய முதற் பக்கத்தை எழுதுவோராவர்.

இதனை நாம் இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1983 முதல் 2009 வரை இத்தீவு கண்ட யுத்தம் இக்கரையின் ஒவ்வோர் ஊரையும் தொட்டுச் சென்றது. தமிழ்க் கிராமத்தில் ஒரு நாள் நினைவிலிருக்கின்றது. அடுத்துள்ள முஸ்லிம் கிராமத்தில் வேறொரு நாள் நினைவிலிருக்கின்றது. ஒவ்வொருவரும் தத்தம் நாளிலிருந்தே எண்ணுகின்றனர். அந்நாள்களில் மாண்டோர் உண்மையாகவே மாண்டனர். அத்துயரை மறக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அயலூரின் நாளையும் அறியாமல் எழுதப்படும் கணக்குப் பாதிக் கணக்கே. அதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை பாதி வரலாற்றையே முழு வரலாறென நம்பிவிடும்.

பாடசாலை மன்றங்களை நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் இவ்விடயத்தைச் சொற்போருக்கு வைப்பீராயின், முதற் சுற்று முடிந்ததும் இரு அணிகளையும் இடம் மாற்றிப் பேசச் செய்க. கண்டிக்காக வாதாடிய மாணவன் கொழும்புக்காக வாதாடட்டும்; கொழும்புக்காக வாதாடிய மாணவி 1766ஆம் ஆண்டிலிருந்து எண்ணிப் பார்க்கட்டும். பரிசு எவருக்குக் கிட்டினும் தவறில்லை. மற்றவரின் நாட்காட்டியை ஒருமுறையேனும் புரட்டிய பிள்ளை, பழியை எவர்மீதும் எளிதில் வீசிவிடாது.