ராத்திரியில் ஃப்ரிஜ்ஜை அணைக்கலாமா?



அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கத்தில் அடுப்படிக்குள் கால் வைக்க முடிவதில்லை. காலையில் வைத்த சாம்பார் சாயங்காலத்துக்குள் நுரைத்துப் போகிறது. ஃப்ரிஜ் இருக்கிறதே என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் கணக்கு எடுக்க வரும்போது வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

ராசிபுரத்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "ராத்திரி படுக்கப் போறப்ப ஃப்ரிஜ்ஜை அணைச்சுட்டு, விடிஞ்சதும் போடறேனுங்க. எங்க அத்தை சொல்லிக் கொடுத்த சிக்கனம். ஆனா பாப்பாவுக்கு வச்ச பால் ரெண்டு தடவை திரிஞ்சு போச்சு. நான் செய்யறது சரிதானுங்களா?"

சரியில்லை அம்மா. ஃப்ரிஜ் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதில்லை. உள்ளே போதுமான குளிர் வந்ததும் கம்ப்ரஸர் தானாகவே நிற்கும். குளிர் குறைந்தால் மறுபடி ஓடும். ராத்திரியில் வெளிச் சூடும் குறைவு, கதவைத் திறப்பவரும் இல்லை. அது குறைவாக ஓடுகிற நேரமே அதுதான். அந்த நேரத்தில் அணைத்தால், உள்ளே ஏறிய சூட்டையெல்லாம் விடிந்ததும் சேர்த்து இறக்க வேண்டியிருக்கும். மிச்சம் சொற்பம்தான்.

நஷ்டமோ பெரிது. 5 டிகிரிக்குள் இருந்தால்தான் உணவில் கிருமிகள் வளர்வது மந்தப்படும். கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். விடிய விடியத் தாங்காது. திரிந்த பாலாவது கண்ணுக்குத் தெரிகிறது. கெட்டது தெரியாமல் இருக்கும் சாதமும் முட்டைக் குழம்பும்தான் பொல்லாதவை. வெளியில் கிடந்த சாதத்தில் ஒருவகைக் கிருமி விடுகிற விஷம், திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. குழந்தைக்கு வாந்தி என்று ஓடினால், மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்குக்கூடக் காணாது!

அப்படியானால் எதில்தான் சிக்கனம் பிடிப்பது? இவற்றைச் செய்து பாருங்கள்:

1. ஃப்ரிஜ்ஜை அடுப்புக்குப் பக்கத்திலோ, மேற்கு வெயில் படும் சுவரிலோ வைக்காதீர்கள். பின்பக்கம் ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள்.

2. சூடான குழம்பை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் பாத்திரத்தை நிறுத்தி ஆற வையுங்கள். ஆனால் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடக்க வேண்டாம். மூடி போட்டே உள்ளே வையுங்கள்.

3. கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

4. ஐஸ் பெட்டியில் கால் அங்குலத்துக்கு மேல் ஐஸ் கட்டினால் கரைத்துவிடுங்கள். கத்தியால் குத்தவே கூடாது.

5. முட்டையைக் கழுவாமல், கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். கதவுப் பக்கம்தான் அடிக்கடி சூடு ஏறும்.

புதிதாக வாங்குபவர்கள் விலையை மட்டும் பார்க்காமல் நட்சத்திரச் சீட்டையும் பாருங்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் இந்தத் திட்டத்தை 2006-ல் தொடங்கியது. நட்சத்திரத்தோடு, வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்றும் அதில் போட்டிருக்கும். ஒன்றில் 180, இன்னொன்றில் 300 என்றால், பத்து வருஷத்தில் 1,200 யூனிட் வித்தியாசம்! சீட்டின் வருஷத்தையும் கவனியுங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால், பழைய ஐந்து நட்சத்திரம் இன்று ஐந்தாக இருக்காது.

குடிதண்ணீருக்கு எதற்கு ஃப்ரிஜ்? பாட்டில் எடுக்கத்தானே பிள்ளைகள் நாளெல்லாம் கதவைத் திறக்கிறார்கள். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் போகிறது. ஒரு லிட்டர் ஆவியாக எடுக்கிற சூடு, 50 லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரி குளிரவைக்கப் போதும். கடலோரத்துப் புழுக்கத்தில் இது அவ்வளவாகப் பலிக்காது. நம் பக்கத்து வறண்ட வெயிலுக்குத்தான் பானை பொருத்தம். காற்றோட்டமான நிழலில், மணல் பரப்பி வையுங்கள்.

காய்கறிக்கும் இதே வழிதான். செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் மூன்று அங்குலம் ஆற்றுமணல் நிரப்பி, காலையும் மாலையும் நனைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய முறை இது. கரண்ட் வேண்டாம். ஆனால் பாலையும் சமைத்த உணவையும் இதில் வைத்துவிடாதீர்கள்.

ராசிபுரத்துச் சகோதரிக்கு ஒரு வார்த்தை: அத்தையின் சிக்கன புத்தியைக் குறை சொல்லாதீர்கள். "பானை உங்க யோசனைப்படி, ஃப்ரிஜ் என் யோசனைப்படிங்க" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பாப்பாவின் பால் திரியாமல் இருப்பதைப் பார்த்தால் அவரே ஒப்புக்கொள்வார்.